மூளையின் வெண்பொருளைக் காக்க எதை முதலில் கவனிப்பது?

தலைவலிக்கோ தலைசுற்றலுக்கோ எடுத்த எம்ஆர்ஐ அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'சிறு ரத்தக்குழாய் சார்ந்த வெண்பொருள் மாற்றங்கள், வயதையொட்டியவை.' மருத்துவர் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடுவார். அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் அந்த வரியைப் பற்றித் தேட ஆரம்பித்தால் பிபி மாத்திரை, நடைப்பயிற்சி, மீன் எண்ணெய், பி வைட்டமின், குறுக்கெழுத்து, தூக்கம் என்று ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள். எல்லாமே நல்லதுதான் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் நேரமும் பொறுமையும் பெரும்பாலோருக்கு இருப்பதில்லை. ஒன்றிரண்டைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் ரத்த அழுத்தம், அதுவும் நாற்பதுகளிலேயே. அடுத்தது நடை. மாத்திரை டப்பாக்களுக்குக் கடைசி இடம். ஏன் இந்த வரிசை என்பதுதான் மீதிக் கட்டுரை.

வெண்பொருள் மூளையின் மொத்த அளவில் ஏறக்குறைய பாதி. நரம்புச் செல்களிலிருந்து கிளம்பும் நீண்ட இழைகளும், அவற்றைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையும், அந்த உறையை உருவாக்கிப் பராமரிக்கும் செல்களும் சேர்ந்ததுதான் அது. மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசுவது இதன் வழியாக. உறை நன்றாக இருந்தால் செய்தி விரைவாகப் போகும், பழுதானால் தாமதிக்கும். அதனால்தான் வெண்பொருள் கெட்டால் முதலில் தெரிவது மறதியாக இருப்பதில்லை. பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்யத் தடுமாறும். நடை குறுகும், வேகம் குறையும். மனச்சோர்வும், சிறுநீரை அடக்க முடியாத அவசரமும்கூட இதோடு சேர்ந்து வருவதுண்டு.

வயதானால் குறையத்தானே செய்யும் என்றால், உண்மைதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கேன்களைத் தொகுத்து 2022ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, வெண்பொருளின் அளவு 29 வயதையொட்டி உச்சத்தைத் தொட்டு அதன்பின் மெதுவாக இறங்குகிறது. நரம்புச் செல்களின் உடல்கள் நிறைந்த சாம்பல் பொருளோ ஆறு வயதுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. டென்மார்க்கில் இறந்தவர்களின் மூளைகளை வைத்து 2003ல் ஒரு கணக்கு போட்டார்கள். மயலின் உறை உள்ள இழைகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் 20 வயது ஆணிடம் சுமார் 1,76,000 கிலோமீட்டர், 80 வயதில் சுமார் 97,000. பெண்களிடம் 1,49,000த்திலிருந்து 82,000. இரு பாலாரிலும் 45 சதவீத இழப்பு.

இந்த இழப்போடு இன்னொரு சேதமும் சேர்ந்துகொள்கிறது. எம்ஆர்ஐயில் வெள்ளைப் புள்ளிகளாகவும் திட்டுகளாகவும் தெரிவது அதுதான். மூளையின் ஆழத்தில் இருக்கும் வெண்பொருளுக்கு ரத்தம் வருவது மேற்பரப்பிலிருந்து நீளமாக உள்ளே இறங்கும் மெல்லிய குழாய்கள் வழியாக. அவற்றில் ஒன்று அடைத்தால் பக்கத்துக் குழாய் உதவிக்கு வருவது அரிது. வாய்க்காலின் கடைமடை வயல் போன்ற நிலைமை. மேலே எங்கே குறைந்தாலும் முதலில் காய்வது அது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் இந்தக் குழாய்களின் சுவரைத் தடிக்க வைக்கின்றன, விறைக்க வைக்கின்றன, கசிய வைக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் 60 முதல் 90 வயதுக்குட்பட்ட சுமார் 1,100 பேரைப் பார்த்தபோது, ஒரு புள்ளிகூட இல்லாதவர்கள் 5 சதவீதம்தான். ஆகவே அறிக்கையில் அந்த வரி இருப்பதே பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதுதான் கேள்வி. இரண்டும் அதிகமாக உள்ளவர்களுக்குப் பக்கவாதம், டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் குலைவது) இரண்டின் அபாயமும் கூடுகிறது. ஐரோப்பாவில் 639 முதியவர்களைத் தொடர்ந்த லாடிஸ் ஆய்வில், புள்ளிகள் கடுமையாக இருந்தவர்கள் மூன்றாண்டுகளில் பிறர் உதவி இல்லாமல் வாழும் திறனை இழக்கும் வாய்ப்பு, லேசாக இருந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேல்.

ஒப்பிடுவதற்கு முன், எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்துப் பார்த்த சோதனைக்கு என்னிடம் மதிப்பு அதிகம். 'இதைச் சாப்பிடுகிறவர்களுக்குப் புள்ளிகள் குறைவாக இருந்தன' என்ற வகைக் கண்டுபிடிப்புக்குக் குறைவு. ஏனென்றால் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் வேறு பல நல்ல காரியங்களையும் செய்கிறவர்களாக இருப்பார்கள். இன்னொன்று, ஸ்கேனில் புள்ளி குறைவதும் ஆள் நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ரத்த அழுத்தம்

இந்தத் துறையில் இருப்பதிலேயே கனமான ஆதாரம் அமெரிக்காவின் ஸ்பிரின்ட் சோதனையிலிருந்து வருகிறது. 50 வயதுக்கு மேற்பட்ட, ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ள 9,361 பேர். பிபியில் சொல்லும் இரண்டு எண்களில் மேல் எண் 140க்குக் கீழே என்பது ஒரு பாதியினருக்கு இலக்கு, இன்னொரு பாதியினருக்கு 120க்குக் கீழே. இதயத்துக்குக் கிடைத்த நன்மை தெளிவாகத் தெரிந்ததால் 2015ல் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் 449 பேருக்குச் சுமார் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். 140 குழுவில் வெண்பொருள் புள்ளிகளின் கன அளவு 1.45 கன சென்டிமீட்டர் கூடியது, 120 குழுவில் 0.92 மட்டும். கூடுவது நிற்கவில்லை, ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மூளையில் ஒன்றின் போக்கையே இப்படி மாற்றிக் காட்டிய சோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆளுக்கு என்ன கிடைத்தது? டிமென்ஷியா 17 சதவீதம் குறைவாக வந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் இருந்தது. அதற்கு முந்தைய படியான லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது, இது கணக்கில் உறுதியாக நின்றது. பிறகு சீனாவின் கிராமப்புறங்களில் 326 ஊர்களில் கிட்டத்தட்ட 34,000 பேரை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2025ல் வந்தது. கிராமச் சுகாதாரப் பணியாளர்களே மருந்தை ஏற்றி இறக்கி அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நான்கு ஆண்டில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. ஸ்பிரின்ட் சொல்லாமல் விட்டதை இது சொல்லி முடித்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

75 வயதுக்கு மேல்? அமெரிக்காவில் 199 பேரை வைத்து நடந்த இன்ஃபினிட்டி சோதனை அந்த வயதினருக்கானது. சராசரி வயதே எண்பது. அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புள்ளிகள் மூன்றாண்டுகளில் மெதுவாகத்தான் கூடின. ஆனால் நடை வேகத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆள் அப்படியே இருக்கிறார். மூன்றாண்டு போதாதா, எண்பது வயதில் காலம் கடந்துவிட்டதா என்று கேட்கலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

காலம் கடப்பது பற்றி நம்மை யோசிக்க வைப்பது பிரிட்டனில் 1946ல் பிறந்தவர்களைப் பிறந்த நாளிலிருந்து தொடரும் ஆய்வு. ஏறக்குறைய 500 பேருக்கு எழுபது வயதையொட்டி ஸ்கேன் எடுத்து, அவர்களது பழைய பிபி அளவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். 53 வயதில் அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கும், 43க்கும் 53க்கும் நடுவில் அது வேகமாக ஏறியவர்களுக்கும் எழுபதில் புள்ளிகள் அதிகம். எந்த உபாதையும் இல்லாத, மாத்திரை எதற்கு என்று தட்டிக்கழிக்கும் அந்த நாற்பது, ஐம்பதுகளில்தான் கணக்கு எழுதப்படுகிறது.

எதிர்த்தரப்பையும் மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் முதியவர்களையும் பக்கவாத நோயாளிகளையும் வைத்து 2014ல் வந்த ஓர் ஆய்வில், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை எல்லாவற்றையும் சேர்த்தாலும், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் புள்ளிகளில் உள்ள வித்தியாசத்தில் 2 சதவீதத்தைத்தான் அவை விளக்கின. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் பரம்பரையின் பங்கு என்று வந்தது. நாட்ச்3 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருந்தால் நாற்பது வயதிலேயே வெண்பொருள் கடுமையாகச் சேதமாகும் காடசில் என்ற நோயும் உண்டு. அப்படியானால் பிபியைப் பிடித்துத் தொங்குவது வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுபதில் அளந்த பிபி, நாற்பதில் இருந்த பிபியைச் சொல்லாது. பரம்பரையை மாற்ற நமக்கு வழி இல்லை. மாற்றக்கூடியவற்றில் எது அதிகம் நகர்கிறது என்பதே நமது கேள்வி, அதற்குக் குலுக்கல் சோதனைகள் ஒரே திசையில் பதில் சொல்கின்றன.

இந்தத் தேர்வுக்கும் விலை உண்டு. ஸ்பிரின்ட்டில் 120 குழுவினருக்கு அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவது, மயக்கம், சோடியம் போன்ற உப்புகளின் அளவு மாறுவது, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவது ஆகியவை கூடுதலாக இருந்தன. மூளையின் மொத்த அளவும் அவர்களுக்குச் சற்றே அதிகமாகச் சுருங்கியது: 30.6 கன சென்டிமீட்டர், மற்றவர்களுக்கு 26.9. இது எதைக் குறிக்கிறது என்று நிபுணர்களுக்குள் வாதம் உண்டு, ஆனால் அந்தக் குழுவின் அறிவாற்றல் கெடவில்லை. இன்னொன்று முக்கியம். ஸ்பிரின்ட்டில் அளந்த விதம் வேறு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியில் பல முறை அளந்து சராசரி எடுத்தார்கள். அவசரமாக வந்து உட்கார்ந்ததும் எடுக்கும் அளவு அதைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்த அளவை வைத்துக்கொண்டு 120ஐத் துரத்தினால் மருந்து அதிகமாகிப்போகும். வீட்டில் கருவி இருந்தால் முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் அளந்து, சில நாள் அளவுகளை எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறவர்கள் நின்ற நிலையிலும் அளக்க வேண்டும். ஸ்பிரின்ட்டில் சர்க்கரை நோயாளிகளும் முன்பே பக்கவாதம் வந்தவர்களும் இல்லை, அவர்களுக்கான இலக்கை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடை, நடனம், அப்புறம் மற்ற பயிற்சிகள்

உடற்பயிற்சி என்றதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். வெண்பொருளைப் பொறுத்தவரை ஆதாரம் பிபியைப் போல நேராக இல்லை.

அமெரிக்காவில் 60 முதல் 79 வயது வரையிலான, அதிகம் அசையாத முதியவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகமாக நடந்தது, ஒன்று நடனம் கற்றது, மூன்றாவது நீட்சி, சமநிலை போன்ற லேசான பயிற்சி மட்டும் செய்தது. ஆறு மாதம். 2021ல் வந்த முடிவில், நடந்தவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் வெண்பொருளின் நுண்கட்டமைப்பைக் காட்டும் எம்ஆர்ஐ அளவு மேம்பட்டிருந்தது, நீட்சிக் குழுவுக்கு இறங்கியிருந்தது. நடனத்தில் உடலும் உழைக்கிறது, அடவுகளை நினைவில் வைக்க மூளையும் உழைக்கிறது, அதனால் அதுதான் ஜெயிக்கும் என்று நான் நினைத்திருப்பேன். நினைவாற்றல் சோதனையில் முன்னேறியது நடந்தவர்கள்தான்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே புள்ளிகள் உள்ள முதியவர்களை இரண்டு ஆண்டு உடற்பயிற்சி செய்ய வைத்த சோதனையில், புள்ளிகள் கூடும் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆக, பயிற்சி நுண்கட்டமைப்பை ஏதோ செய்கிறது போலிருக்கிறது, ஏற்கெனவே விழுந்த திட்டுகளை அது அசைப்பதாகத் தெரியவில்லை.

அப்படியிருந்தும் இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். காரணம், ஸ்கேனை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தால் பயிற்சி தெளிவாக ஜெயிக்கிறது. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரை வைத்து 2014ல் முடிவு வெளியான லைஃப் சோதனையில், ஒழுங்காக நடையும் தசைப் பயிற்சியும் செய்தவர்கள் நடக்கும் திறனைப் பெரிய அளவில் இழப்பது 18 சதவீதம் குறைந்தது. வெண்பொருள் கெட்டால் முதலில் அடிபடுவது நடை என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த இடத்திலேயே இது கைகொடுக்கிறது. தவிர, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒழுங்கான நடை பிபியின் மேல் எண்ணை 5 முதல் 8 வரை இறக்கக்கூடும். மாத்திரை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறவருக்கும் முதல் தேர்வை நோக்கி நடந்து போக ஒரு வழி இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. அதை எட்டாதவர்களுக்கும், ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் அசைவது மேல்.

புகை, எடை, சர்க்கரை

புகையைப் பற்றி ஒப்பிட ஒன்றும் இல்லை. பிரிட்டனில் தன்னார்வலர்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டும் யுகே பயோபேங்கில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைப் பார்த்தபோது புகையும், உயர் ரத்த அழுத்தமும், சர்க்கரை நோயும் மூளை மாற்றங்களோடு விடாமல் சேர்ந்து நின்றன. புகைக்கிறவர் இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்க வேண்டியதில்லை, முதலில் அதை நிறுத்துவது போதும். மதுவுக்கு 'அளவோடு குடித்தால் நல்லது' என்ற பழைய ஆறுதல், ஸ்கேன்களை வைத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை.

சர்க்கரையில்தான் விஷயம் சிக்கல். அமெரிக்காவின் அக்கார்ட் சோதனையில் சர்க்கரையை மிக இறுக்கமாக, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். மூளையின் அளவு சற்றே காப்பாற்றப்பட்டது, அறிவாற்றலில் வித்தியாசம் இல்லை, இறப்போ கூடியது. 2008ல் அந்தப் பகுதியையே நிறுத்த வேண்டி வந்தது. கட்டுப்பாடு தேவைதான், ஆனால் இன்னும் இன்னும் என்று இறுக்குவதால் மூளைக்கு லாபம் இல்லை.

இதற்கு நேர்மாறாக லுக் அஹெட் என்ற சோதனை என்னை ஆச்சரியப்படுத்தியது. எடை கூடிய சர்க்கரை நோயாளிகளுக்குப் பத்தாண்டு காலம் உணவு, உடற்பயிற்சி, எடைக்குறைப்பு என்று விடாமல் ஆலோசனை. இதயத்துக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை என்று அந்தச் சோதனை பெயர் கெட்டுப்போனது. ஆனால் முடிவில் 319 பேருக்கு ஸ்கேன் எடுத்தபோது, ஆலோசனை பெற்ற குழுவுக்கு வெண்பொருள் புள்ளிகள் 28 சதவீதம் குறைவு. தொடக்கத்தில் ஸ்கேன் எடுக்கவில்லை என்பது இதன் ஓட்டை. இருந்தாலும், சர்க்கரை எண்ணைத் துரத்துவதைவிட எடையையும் அசைவையும் கவனிப்பது வெண்பொருளுக்கு நல்ல பேரம் என்று இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோன்றுகிறது.

மாத்திரை டப்பாக்கள்

மயலின் கொழுப்பால் ஆனது, மீன் எண்ணெய் நல்ல கொழுப்பு, ஆகவே மீன் எண்ணெய் மயலினைக் காக்கும். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. 75 வயதுக்கு மேற்பட்ட, ஸ்கேனில் புள்ளிகள் உள்ள, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு ரத்தத்தில் குறைவாக உள்ள 102 பேரை அமெரிக்காவில் தேர்ந்தெடுத்து மூன்றாண்டு கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தால் இவர்களிடம்தான் தெரிய வேண்டும். 2024ல் வந்த முடிவு: எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் புள்ளிகள் கூடுவதில் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஈ4 மரபணு உள்ளவர்களிடம் மட்டும் நரம்பிழைகள் சிதைவது குறைந்தது போல ஒரு சமிக்ஞை. சிறு குழுவுக்குள் ஒரு சிறு குழு அது. இன்னொரு முறை சோதித்துப் பார்க்கத் தகுந்தது, டப்பா வாங்கப் போதாது.

பி வைட்டமின்களின் கதையும் ஏறக்குறைய இதே. பக்கவாதம் வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கொடுத்த சோதனையில் பொதுவாகப் பலன் இல்லை, சிறு குழாய் நோய் ஏற்கெனவே கடுமையாக இருந்தவர்களிடம் மட்டும் புள்ளிகள் மெதுவாகக் கூடின. இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பி12 உண்மையாகவே குறைவாக இருந்தால் அது மயலினை நேரடியாகக் கெடுக்கும், தாமதமானால் சேதம் முழுதாகத் திரும்பாது. மாமிசமோ பாலோ சாப்பிடாதவர்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறைந்தால் ஈடுகட்ட வேண்டும். குறையாதவர் கூடுதலாக எடுப்பதால் வெண்பொருள் காப்பாற்றப்படும் என்று காட்டியதில்லை.

மருந்துகளைவிட உணவுமுறை மேலா? காய்கறி, முழுத்தானியம், பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று போகும் உணவுமுறைக்காரர்களுக்குப் புள்ளிகள் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மைன்ட் என்ற உணவுமுறையை 604 பேரிடம் மூன்றாண்டு சோதித்து 2023ல் வெளியிட்டபோது, அறிவாற்றலிலும் வெண்பொருள் புள்ளிகளிலும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவுமே கலோரியைக் குறைத்து எடை இறங்கியிருந்தது, அதனால் வித்தியாசம் மறைந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். எப்படியானாலும் உப்பைக் குறைத்து எடையைக் கட்டுக்குள் வைக்கும் உணவு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், அந்த வழியாக இது முதல் தேர்வுக்கே போய்ச் சேருகிறது.

ஆஸ்பிரினைத் தானாக ஆரம்பிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆஸ்ப்ரீ சோதனையில் ஆரோக்கியமான 19,114 முதியவர்களுக்கு டிமென்ஷியாவோ இயலாமையோ குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது. பக்கவாதமோ மாரடைப்போ வந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்களின் கதை வேறு. அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

தூக்கமும் புதிய பழக்கமும்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, அதாவது பலத்த குறட்டையும் நடுவில் திணறலும் பகலில் தூக்கமும் உள்ளவர்களுக்கு, வெண்பொருள் மாற்றங்கள் அதிகம். இத்தாலியில் கடுமையான பாதிப்புள்ள 17 பேருக்குக் காற்றழுத்த முகமூடி கொடுத்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மாற்றங்கள் பெரும்பாலும் சரியாகியிருந்தன. மிகச் சிறிய ஆய்வு, குலுக்கலும் இல்லை. ஆனால் மூச்சுத் தடையைச் சரிசெய்தால் ரத்த அழுத்தமும் இறங்கும் என்பதால் இந்த அறிகுறி உள்ளவருக்கு இது பின்வரிசையிலிருந்து முதலிடத்துக்குத் தாவிவிடும். மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்காதவர்கள் குறட்டையைப் பற்றிக் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும்.

புதிதாக எதையாவது கற்பது பற்றி எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, அதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். இங்கிலாந்தில் 2009ல் இளைஞர்களுக்கு ஆறு வாரம் பந்து வீசிப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தபோது அதற்குரிய பகுதியில் வெண்பொருள் மாறியது. எலிகளுக்குப் படிகள் ஒழுங்கில்லாத சக்கரத்தில் ஓடக் கற்க, புதிய மயலின் செல்கள் உருவாக வேண்டியிருந்தது என்று 2014ல் காட்டினார்கள். 2010ல் வந்த ஓர் ஆய்வில், சுமார் நூறு நாள் மூளைப் பயிற்சிக்குப் பிறகு இளைஞர்களைப் போலவே முதியவர்களுக்கும் இரு பாதி மூளைகளை இணைக்கும் பகுதியின் முன்புறம் மாறியது. எழுபதிலும் வெண்பொருள் பதில் சொல்கிறது என்பது பெரிய செய்தி. ஆனால் அது பக்கவாதத்தையோ டிமென்ஷியாவையோ தள்ளிப்போடும் என்று இதிலிருந்து தாவக் கூடாது. பிடித்ததால் கற்கலாம், மருந்தாக நினைத்து வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால்? பின்லாந்தின் ஃபிங்கர் சோதனையில் உணவு, பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்குழாய் கண்காணிப்பு நான்கையும் 1,260 பேரில் ஒரு பாதியினருக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் அவர்களது அறிவாற்றல் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது, ஸ்கேன் எடுத்தவர்களிடம் வெண்பொருளில் வித்தியாசம் தெரியவில்லை. முடிந்தவர் செய்யட்டும். முடியாதவர் வருந்த வேண்டியதில்லை.

ஆளுக்கு ஆள் வரிசை மாறும்

நாற்பதுகளில் இருப்பவருக்கு: வருடத்துக்கு ஒருமுறையாவது பிபி, அது கூடினால் தள்ளிப்போடாமல் சிகிச்சை. புகைத்தால் நிறுத்துவது. வேறு எதற்கும் இந்த வயதில் இவ்வளவு பலன் இல்லை.

அறுபது, எழுபதுகளில் ஸ்கேனில் புள்ளிகள் தெரிந்தவருக்கும் அதே பிபிதான், கூடவே நடை. தாங்கிக்கொள்கிறவர் 130க்குக் கீழே, முடிந்தால் இன்னும் கீழே என்று மருத்துவரோடு பேசலாம். சர்க்கரை இருந்தால் எடை. குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை. பி12 ஒருமுறை.

எண்பதைத் தாண்டி, மெலிந்து, ஏற்கெனவே விழுந்திருக்கிறவரிடம் நான் 120ஐத் துரத்தச் சொல்ல மாட்டேன். ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், புள்ளிகளில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அவருக்குக் கால்களின் பலம்தான் முதல். நிற்கும்போது அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் மருந்தைக் குறைப்பதும் வெண்பொருளுக்குச் செய்யும் நன்மைதான், ஏனென்றால் கடைமடைக்கு ரத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் அழுத்தமும் வேண்டும்.

எந்த வயதானாலும், எந்த அறிகுறியும் இல்லாமல் வெண்பொருளைப் பார்ப்பதற்காகவே ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. ஏற்கெனவே எடுத்தவர் வருடாவருடம் மீண்டும் எடுக்கவும் வேண்டாம். மாற்றம் மெதுவானது, சிலரிடம் திட்டுகள் சுருங்குவதும் உண்டு, ஸ்கேனில் என்ன வந்தாலும் செய்யப்போவது பெரும்பாலும் இதே காரியங்கள்தான். விதிவிலக்கு: ஐம்பதுக்குள்ளேயே திட்டுகள் நிறைய இருந்து, குடும்பத்தில் இளம் வயதில் பக்கவாதமோ ஒற்றைத்தலைவலியோ தலைமுறை தலைமுறையாக இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது மரபணு சார்ந்ததாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். திடீரென முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது இந்தக் கட்டுரையின் விஷயமே அல்ல. அதற்கு அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.